குடும்பக் குழு: அபோமே ராஜாக்களின் மிருகங்கள்

மகேஷ் சித்தப்பா: 📷 படம்

மகேஷ் சித்தப்பா: முந்திரி லோடு ஏத்த நாளாகும்னாங்க, அபோமே போயிட்டு வந்தேன். இப்போ மேற்கு ஆப்பிரிக்காவில பெனின் நாடு, அப்போ தஹோமே ராஜ்ஜியத்தோட தலைநகர். கலர் துணியை வெட்டி மேல வச்சுத் தைக்கிறாங்க. ஒவ்வொரு உருவமும் ஒரு ராஜா.

பெரியம்மா: சிங்கம் சரி. சுறா, காட்டெருமை எல்லாம் எதுக்குப்பா?

மகேஷ் சித்தப்பா: காட்டெருமை கெசோ, 1818 முதல் 1858 வரை ஆண்டவர். சிங்கம் அவர் மகன் கிளேலே. சுறா கிளேலே மகன் பெஹான்சின். குறி பார்த்து வர்ற வாக்குதான் ராஜாவோட பட்டப்பெயர், அதுல இருக்கிறதே அடையாளமாயிடும்.

மதி: சித்தப்பா, அன்னாசிப்பழமும் ராஜாவா??

மகேஷ் சித்தப்பா: அகோங்லோ! இடி பனையில விழும், அன்னாசி தப்பிச்சிடும்ங்கிறது அவர் வாக்கு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

மதி: அந்த வம்சமே சிறுத்தையோட வழின்னு கதை இருக்கு பெரியம்மா. தாதோ ஊர் இளவரசி அலிக்போனோனுக்கும் ஒரு சிறுத்தைக்கும் பிறந்த அகாசுதான் மூதாதை.

பெரியம்மா: சுறா கதையைச் சொல்லு

மகேஷ் சித்தப்பா: பிரெஞ்சுக்காரன் கடல் வழியா வந்து கரையோர ஊரான கொட்டோனுவில கால் வச்சான். பெஹான்சின் வாக்கு, கோபம் கொண்ட சுறா கரையோர மணல்திட்டைக் கலக்கும்ங்கிறது. அவரை மரத்துலயே சுறாவா செதுக்கியிருக்காங்க. தலையும் உடம்பும் சுறா, உடம்பெல்லாம் செதில், நிக்கிறது மனுஷக் கால்ல. சோசா தெதேன்னு ஒரு சிற்பி செஞ்சதா சொல்றாங்க.

மதி: அதைத்தானே 1892ல பிரெஞ்சுத் தளபதி டாட்ஸோட படை அள்ளிட்டுப் போச்சு. அவங்க கையில சிக்கக்கூடாதுன்னு அரண்மனைக்குத் தீ வைக்கச் சொன்னதே பெஹான்சின்தான். 1894ல அவரை மார்த்தினிக் தீவுக்கு நாடு கடத்தினாங்க. 1906ல அல்ஜீரியாவில இறந்தாரு.

பெரியம்மா: ஐயோ. சொந்த மண்ணுல கூட இல்லையா

மகேஷ் சித்தப்பா: 1928ல அவர் உடலைக் கொண்டு வந்துட்டாங்க அக்கா. பிரான்ஸ்ல இருந்து சிலை திரும்பி வரத்தான் 2021 ஆச்சு. சுறா, சிங்கம், சிம்மாசனம், அரண்மனைக் கதவுகள்னு மொத்தம் 26. அடுத்த வருஷம் பிப்ரவரியில கொட்டோனுவில காட்சிக்கு வச்சாங்க.

மதி: இரும்புல செஞ்ச போர்க்கடவுள் கூ சிலையைத் தரலையே. அது இன்னும் பாரிஸ்லதான். கிளேலே காலத்துல அகாத்தி செஞ்சது, எனக்கு அதுதான் அங்க இருக்கிறதுலயே பெரிய வேலை. அதையும் கொடுத்திருக்கணும்.

மகேஷ் சித்தப்பா: ஆமாம்மா. 26ம் கைமாறினப்பவே, அப்போ பெனின் அதிபரா இருந்த தாலோன் பாரிஸ்லயே அதைச் சொல்லிட்டாரு.