பொது அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் பெண்களுக்கு எது தடை?

இறுதியாண்டு மாணவி:
வணக்கம். பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறேன் என்றதும், வீட்டாரும் பேராசிரியர் ஒருவரும் மகப்பேறு மருத்துவமே பெண்ணுக்கு ஏற்றது என்கிறார்கள். இத்துறையில் பெண்கள் நிலைத்து நிற்க உண்மையில் எது தடையாக இருக்கிறது?

அறுவைச் சிகிச்சை மருத்துவர்:
திறமை தடையன்று, தங்கையே. ஏழரை அளவுக் கையுறைகளே அடுக்கப்பட்டிருந்த அறுவை அரங்கில் ஆறு அளவு கேட்டுக் காத்திருந்ததும், உயரமானவர்களுக்கேற்ப உயர்த்திய மேசையருகே படிப்பலகை மீது நின்று 4 மணி நேரம் உதவியதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிறு துளை வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவையில் திசுக்களைத் தைக்க உதவும் ஸ்டேப்ளர் கருவியின் அகன்ற கைப்பிடியைச் சிறிய கையால் அழுத்துவது கடினம். அது கருவியை வடிவமைத்ததில் உள்ள குறையே தவிர, கையின் குறை அன்று. பயிற்சியும் பிள்ளைப்பேறும் ஒரே வயதில் வந்து சேர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
சென்னையில் மருத்துவர் டி.எஸ். கனகா 1968-இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் பட்டம் பெற்றார், ஆகவே முன்னோடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தனியொருவரின் மன உறுதியை மட்டுமே நம்பி ஒரு துறை நடக்கலாகாது. பெரிய அறுவைகளை முதன்மை மருத்துவராக நின்று செய்யும் வாய்ப்பு மாணவிகளுக்கும் கிடைத்ததா என்பதை அரங்கப் பதிவேட்டைப் புரட்டினாலே அறிந்துகொள்ளலாம்.

இறுதியாண்டு மாணவி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. கலந்தாய்வுக்கு முன் நான் சேர நினைக்கும் கல்லூரிகளில் பயிலும் மாணவிகளிடம் அதைத்தான் முதலில் விசாரிக்கப்போகிறேன்.