சாஃப்ட்பால் பேட்டிங்: கை சீக்கிரமே விரியுது, வழி சொல்லுங்க

வணக்கமுங்க, பொள்ளாச்சியில இருந்து. பாப்பாவுக்கு 11 வயசு, வலக்கை பேட்டிங், 29 இஞ்ச் 19 அவுன்ஸ் பேட். டீயில (பந்தை மேல வெச்சு அடிக்கற ஸ்டாண்டு) வெச்ச பந்தை நல்லாவே அடிக்கிறா. ஆள் போட்டா, உள்பக்கம் வர்ற பந்து கைப்பிடிக்கிட்டயே பட்டு வேகமில்லாம விழுந்துருது.

இடுப்பு திரும்பறதுக்கு முன்னாடியே கை உடம்பை விட்டு விலகுது, பேட் பெரிய வட்டமா சுத்தி லேட்டா வருது. அதுக்கு, களத்துல நிழல்வலை கட்டி, ஒரு பேட் நீளம் தள்ளி நிக்க வெச்சு, பந்தில்லாம சுத்தச் சொல்றேன். வலையில உரசினா கை விரியுதுன்னு அர்த்தம். (சுவத்துக்கிட்ட வேண்டாமுங்க, அலுமினிய பேட் நசுங்கிரும்.) உள்பக்கப் பந்துக்கு டீயை முன்காலுக்கு முன்னாடியும், வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் பின்னாடியும் வெக்கறேன்.

இதெல்லாம் சரியா வருது. நிஜப் பந்து வந்தா மட்டும், முன்கால் ஊனும்போதே தலையும் நெஞ்சும் முன்னாடி போயிருது. அப்புறம் இடுப்பு எங்க திரும்பறது?

காலைத் தூக்காம, குதிகாலை மட்டும் எடுத்து வெச்சு அடிக்கப் பழக்கலாமுங்களா? பேட்டை 28 இஞ்சுக்குக் குறைக்கணுமா? 25 அடியில இருந்து கீழ்க்கையில மெதுவா போட்டா 40 அடிப் பந்தோட டைமிங் பழகுமா? கோவை, உடுமலைப் பக்கம் பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்ற கோச் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பக்கவாட்டுல எடுத்த ஸ்லோமோஷன் வீடியோ இருக்கு, கேட்டா அனுப்பறேன்.