கையில 15ஆ, பே சிலிப்பில 17.60ஆ? திங்கள் கையெழுத்து வைக்கோணும்

புதுவரவு_ஸ்காபரோ:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொஞ்சம் அவசரம். இஞ்சை கனடாவில, ஸ்காபரோவில (ஒன்ராறியோ) ஒரு வெயார்ஹவுஸில ராத்திரி வேலை, கிழமைக்கு 40 மணித்தியாலம். பே சிலிப் (சம்பளச் சீட்டு) எண்டால் மணிக்கு 17.60 டொலர், ஆனால் வெட்டுப்பட்டு ஒண்டும் மிஞ்சாது எண்டு சுப்பவைசர் சொல்லுறார். சிலிப் இல்லாமல் காசாக் கையில எண்டால் 15, வெட்டே இல்லையாம். கூட நிக்கிற ஆக்கள் எல்லாரும் கையிலதான் வாங்கினமாம். பென்ஷன் எண்டு வெட்டுற காசு எங்கட ஆக்களுக்கு ஒருநாளும் திரும்பி வராது எண்டும் சொல்லுறாங்கள். வாடகையை நினைச்சால் நித்திரை வருதில்லை. எது லாபம்?

நைட்ஷிப்ட்_நாதன்:
தம்பி, முதல் ஆறு மாசம் ஆருக்கும் இப்பிடித்தான், பயப்படாதையும். முதல்ல ஃபோர்க்லிஃப்ட் பழகும், மணிக்கு ரெண்டு மூண்டு டொலர் கூடும். ஆனால் "லைசென்ஸ்" எண்டு சொல்லி காசு வாங்கிற இடங்களிட்ட ஏமாறாதையும். ஒன்ராறியோவில அரசாங்கம் குடுக்கிற ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எண்டு ஒண்டு இல்லை. அந்தந்த வேலையிடத்தில, அந்த மெஷினில பழக்கிச் சோதிக்கிறது முதலாளியின்ர பொறுப்பு. வெளியில வாங்கின அட்டை இன்ரர்வியூவுக்கு மட்டும் உதவும்.

கௌரி_அஜாக்ஸ்:
நாதன் அண்ணை, அந்தப் பிள்ளை கேட்டது வேறை.
2025 ஒக்ரோபர் 1 முதல் ஒன்ராறியோவின்ர குறைஞ்ச சம்பளம் 17.60. அப்ப 15 எண்டுறது "சலுகை" இல்லை, சட்டத்துக்குக் கீழை. நீர் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சாலும் அது செல்லாது. குறைச்சுத் தந்த காசைக் கேட்டு தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு போட 2 வருஷம் அவகாசம் இருக்கு.

மிசிசாகா_மாமா:
சட்டம் பேசறது சுலபம்ங்க. நடைமுறையைப் பாருங்க. குறைஞ்ச சம்பளக்காரர் 65 வயசுல ஓஏஎஸ் (அரசாங்கம் தர்ற முதியோர் தொகை) வாங்குவார், அதோட ஜிஐஎஸ்-ம் (வருமானம் குறைஞ்ச முதியோருக்குக் கூடுதல் தொகை) வரும். ரெண்டுக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பென்ஷனுக்குன்னு சம்பளத்துல பிடிக்கிறது சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) மட்டும்தான். சிபிபி ஒரு டாலர் வந்தா ஜிஐஎஸ்-ல 50 சென்ட் குறைச்சிடுவாங்க. அப்போ கீழ்த்தட்டுல இருக்கறவன் எதுக்கு சிபிபி கட்டணும்? பாதி அரசாங்கத்துக்கே திரும்பப் போகுது. இன்னிக்குக் கையில கிடைக்கிற காசுதான் காசு.

தேநீர்_ரெண்டாம்_கோப்பை:
சும்மா இருங்கோ. பேஸ்மென்ற் வாடகையும் கையில, ரசீதும் இல்லை. வேலையும் கையில, சிலிப்பும் இல்லை. எங்கட ஆக்களே எங்கட ஆக்களைத்தான் பிழியினம். இதைக் கேட்டால் "நாங்கள் வரேக்கை இதைவிடக் கஷ்டம்" எண்டு தொடங்குவினம்.

பேரேடு:
மாமா சொல்லும் 50 சென்ட் கணக்கு உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விட்டுவிட்டவை சில உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வாரக் கணக்கைப் பார்ப்போம். 2025 விகிதப்படி:

17.60 × 40 = 704. சிபிபிக்கு ஆண்டுக்கு 3,500 விலக்கு, அது வாரத்துக்கு 67.30. மீதி 636.70இல் 5.95 விழுக்காடு, அதாவது 37.88. வேலையிழப்புக் காப்பீடு ஈஐ 1.64 விழுக்காடு, 11.55. வருமான வரி, கனடா, ஒன்ராறியோ இரண்டும் சேர்த்து, தனி ஆள் கணக்கில் 70 சொச்சம். கையில் வருவது ஏறக்குறைய 584.
கையில் 15 × 40 = 600.

"வெட்டுப்பட்டு ஒன்றும் மிஞ்சாது" என்பதன் முழு அளவு வாரத்துக்கு 16 டாலர். அதற்கு எதிர்ப்பக்கம் விடுமுறைச் சம்பளம் 4 விழுக்காடு, வாரத்துக்கு 28.16. சுப்பவைசர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருடைய முதலாளிக்குத்தான் பெரிய மிச்சம்: முதலாளி உங்கள் சிபிபிக்குச் சமமாக இன்னொரு 37.88 போட வேண்டும், ஈஐக்கு உங்கள் பங்கைப் போல் 1.4 மடங்கு போட வேண்டும். 704க்குப் பதில் 600 கொடுத்து அதையும் தவிர்க்கிறார்.

சிலிப் இல்லாவிட்டால் ஈஐ மணிகளும் சேராது. வேலை போனால், நீங்கள் இருக்கும் பகுதியின் வேலையின்மை அளவைப் பொறுத்து, முந்தைய 52 வாரத்தில் 420 முதல் 700 மணி வரை காட்ட வேண்டும். 40 மணி வேலை என்றால் 18 வாரத்தில் 720 வந்துவிடும், உச்ச வரம்பே தாண்டிவிடும். அப்புறம் சம்பளத்தின் 55 விழுக்காடு, அதாவது வாரத்துக்கு 387.20.

தம்பி, மூன்று விவரம் வேண்டும். எந்தப் பெர்மிட்? குடும்பம் இருக்கிறதா? திங்கட்கிழமை வைக்கப்போகும் கையெழுத்து எதில்? கையில் காசு தருபவர் பொதுவாக ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கமாட்டாரே?

மிசிசாகா_மாமா:
ஓஏஎஸ் கிடைக்காதுன்னு யாரும் சொல்லலையே?

கௌரி_அஜாக்ஸ்:
கிடைக்கும், ஆனால் 18 வயசுக்குப் பிறகு கனடாவில 10 வருஷம் இருந்திருக்கோணும், முழுசாக் கிடைக்க 40 வருஷம். 41 வயசில வந்த ஆளுக்கு 65இல 24 வருஷம், அப்ப 40இல 24 பங்கு. பிறகு பேரப்பிள்ளையளோட ஊரில போய் இருக்கப் போறன் எண்டால் ஜிஐஎஸ் ஆறு மாசத்தோட நிண்டுடும். ஓஏஎஸ் வெளியில வர 20 வருஷ வசிப்பு வேணும். சிபிபிக்கு அந்தக் கட்டுப்பாடு ஒண்டும் இல்லை, எந்த நாட்டில இருந்தாலும் வரும். இதையும் சொல்லுங்கோ மாமா.

நைட்ஷிப்ட்_நாதன்:
சாமான் தூக்கி முதுகு போனால்? கையில காசு வாங்கிற ஆள் அண்டைக்கே வீட்டை போவார்.

பேரேடு:
அதுதான் முக்கியமான இடம், நாதன். சிபிபி கிழவர்களுக்கு மட்டுமானதல்ல. கடைசி 6 ஆண்டில் 4 ஆண்டு கட்டியிருந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கும். கட்டியவர் இறந்தால் துணைக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஜிஐஎஸ் இவை எதையும் செய்யாது, 65 வரை அது கண்ணில் படவே படாது. வேலையிட விபத்துக்கு டபிள்யூஎஸ்ஐபி (ஒன்ராறியோவின் வேலையிட விபத்துக் காப்பீட்டு வாரியம்) தனி. அங்கு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் படிவம் 6 போட வேண்டும், அப்போது "இவர் இங்கு வேலை செய்தார்" என்று காட்ட சிலிப்தான் முதல் சான்று.

சிபிபியை 60இலேயே எடுத்தால் 65க்கு முன் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 விழுக்காடு குறையும். 65 தாண்டி 70 வரை பொறுத்தால் மாதத்துக்கு 0.7 கூடும். ஜிஐஎஸ் வாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு இந்தப் பொறுத்திருக்கும் உத்தி அவ்வளவாகப் பலிக்காது, கூடுவதில் பாதியை ஜிஐஎஸ் விழுங்கிவிடும். அந்த அளவில் மாமாவின் வாதத்தை ஏற்கிறேன்.

புதுவரவு_ஸ்காபரோ:
மன்னிக்கோணும், அவசரத்தில சொல்லாமல் விட்டுட்டன். திறந்த வேலைப் பெர்மிட் (எந்த முதலாளியிட்டயும் வேலை செய்யலாம்). போன வருஷம், 2024 மே 3 வந்தனாங்கள், மனிசியும் 3 வயசு மகளும் கூட. மனிசி இன்னும் வேலைக்குப் போகேல்லை. கையெழுத்து வைக்கச் சொன்ன பேப்பரில "சுயதொழில் ஒப்பந்தக்காரர்" எண்டு இருக்கு, பிசினஸ் நம்பர் எடுக்கச் சொல்லுறாங்கள். போன வருஷம் ஒரு சமையலறையில கையில காசுக்கு நிண்டனான், டி4 (வருஷச் சம்பள விவரச் சீட்டு) தரேல்லை, அதால ரக்ஸ் போடேல்லை.

தேநீர்_ரெண்டாம்_கோப்பை:
இதைத்தான் முதல்லையே சொல்லியிருக்கோணும்! இது கையில காசு இல்லை, இது வலை.

பேரேடு:
சரி, இப்போது கதை மாறுகிறது.

"சுயதொழில்" என்று போட்டால் சிபிபியின் இரண்டு பங்கும் உங்கள் தலையில்: 11.9 விழுக்காடு. ஆண்டுக்கு 600 × 52 = 31,200. அதில் 3,500 கழித்து 27,700க்கு 3,296 டாலர், வாரத்துக்கு 63. வருமான வரி அதற்கு மேல். யாரும் பிடித்தம் செய்யாததால் ஏப்ரல் 30 அன்று மொத்தமாக வந்து நிற்கும். படிவம் போட ஜூன் 15 வரை இருக்கிறதே என்று பலர் ஏமாறுவார்கள். பணம் கட்டும் நாள் ஏப்ரல் 30தான். இன்னொன்று, நாலு காலாண்டில் 30,000 தாண்டினால் எச்எஸ்டி (விற்பனை வரி) பதிவும் கட்டாயம். உங்கள் 31,200 அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. அவர்கள் 13 விழுக்காட்டைத் தனியாகத் தராவிட்டால் அதுவும் உங்கள் பையிலிருந்து போகும்.

உண்மையில் நீங்கள் ஒப்பந்தக்காரரா? கையிலிருக்கும் ஸ்கேனர் யாருடையது? எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? ஒரு நாள் முடியாவிட்டால் உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா? வேலையில் நட்டம் வந்தால் உங்கள் பணம் போகுமா? எல்லாவற்றுக்கும் பதில் "அவர்கள்", "முடியாது", "இல்லை" என்றால் நீங்கள் தொழிலாளி. தாளில் என்ன பெயர் போட்டாலும் அது மாறாது. சிஆர்ஏ-யிடம் (கனடா வரித்துறை) சிபிடி1 படிவம் போட்டுத் தீர்ப்புக் கேட்கலாம், தொழிலாளியே கேட்கலாம்.

மிசிசாகா_மாமா:
சரி, ஒப்பந்தத் தாள்னா நானும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா 17.60 காட்டினா குழந்தைப் பணம் குறையுமே?

கௌரி_அஜாக்ஸ்:
குறையாது. 704 × 52 = 36,608. குழந்தைக் கொடுப்பனவு, அதுதான் சிசிபி, 2025 யூலை முதல் 2026 யூன் வரைக்கான கணக்கில குடும்ப வருமானம் 37,487 தாண்டினால்தான் குறையத் தொடங்கும். 6 வயசுக்குக் கீழை ஒரு பிள்ளைக்கு வருஷம் 7,997, முழுசாக் கிடைக்கும். பிறகு மனிசி வேலைக்குப் போனால், ஒரு பிள்ளை எண்டால், கூடுற ஒவ்வொரு டொலருக்கும் 7 சதம் குறையும். அது பயப்படுற தொகையில்லை.

தற்காலிகப் பெர்மிட்காரருக்கு 18 மாசம் தொடர்ச்சியா இருந்திருக்கோணும். மே 3 எண்டால் இப்பதான் முடிஞ்சிருக்கு. பெர்மிட்டின்ர அடியில "குடியிருப்பாளர் தகுதி தராது" எண்ட மாதிரி ஒரு வசனம் இருக்கோ எண்டு பாரும். இருந்தால் கிடையாது.

பேரேடு:
ஆனால் கணவன், மனைவி இருவரும் வரிப் படிவம் போடாமல் சிசிபி வராது. 2024ஐ இப்போதே போடுங்கள். டி4 இல்லாத சமையலறைக் காசைப் படிவத்தின் 10400ஆம் எண் வரிசையில் எழுதுங்கள். "வருமானம் இல்லை" என்று போடாதீர்கள், அது பொய். நாடு வந்த தேதியை மே 3 என்று தவறாமல் எழுத வேண்டும். அதை விட்டுவிடுவதுதான் முதல் வருடப் படிவங்களில் அதிகம் நடக்கும் தவறு. தேதி போட்டால் அடிப்படை விலக்கு (வரி இல்லாத தொகை) நாள் கணக்கில் குறையும், வரி ஏதாவது வரலாம். தாமதத் தண்டம் பாக்கியின் மேல்தான்: 5 விழுக்காடு, அதோடு முழு மாதத்துக்கு 1 விழுக்காடு. பாக்கி பூச்சியம் என்றால் தண்டமும் பூச்சியம்.

பிறகு சிசிபி விண்ணப்பம் ஆர்சி66, அதன் இணைப்பு ஆர்சி66எஸ்சிஎச். மனைவி பெயரில் போடுங்கள், பிள்ளையைப் பார்ப்பவர் தாய் என்றே சிஆர்ஏ எடுத்துக்கொள்ளும். நாடு வருவதற்கு முன் இருந்த வருமானத்தையும் கேட்பார்கள். அதே விண்ணப்பத்திலேயே ஜிஎஸ்டி கழிவும் (விற்பனை வரிக்கு ஈடாக வரும் தொகை) சேர்ந்துவிடும். வாடகை ரசீது வைத்திருந்தால் ஒன்ராறியோ டிரில்லியத்துக்கு (மாகாண உதவித்தொகை) ஓஎன்-பென் தாளை வரிப் படிவத்தோடு நிரப்புங்கள்.

2025க்கு ஷெட்யூல் 6, அதாவது உழைப்போர் கொடுப்பனவும் பாருங்கள். காட்டிய வருமானத்துக்குத்தான் அது கிடைக்கும்.

நைட்ஷிப்ட்_நாதன்:
மிச்சம் பிடிக்கிறதை ஆர்ஆர்எஸ்பியில (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) போடச் சொல்லுங்கோ, வரி குறையும்.

கௌரி_அஜாக்ஸ்:
இந்தச் சம்பளத்துக்கு வேண்டாம் அண்ணை. 65க்குப் பிறகு ஆர்ஆர்எஸ்பியில எடுக்கிற காசு வருமானம், ஜிஐஎஸ்ஸைப் பாதியாச் சாப்பிடும். டிஎஃப்எஸ்ஏயில (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) எடுக்கிறது வருமானமே இல்லை. 2025இல 7,000 போடலாம், வந்த வருஷத்திலயிருந்து இடம் சேரும்.

பேரேடு:
மனைவியும் வேலைக்குப் போய் வருமானம் 37,487 தாண்டிய பிறகு ஆர்ஆர்எஸ்பி கணக்கு கொஞ்சம் மாறும், போடும் தொகை சிசிபிக்கான வருமானத்தைக் குறைக்கும். இப்போதைக்கு கௌரி சொல்வதே சரி.

திங்கட்கிழமைக்கு வருவோம். ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம். "பேரோலில் (சம்பளப் பட்டியலில்) சேர்க்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். சேர்த்தால், எவ்வளவு வரி பிடிப்பது என்று தீர்மானிக்க இரண்டு படிவம் தருவார்கள்: கனடாவுக்கு டிடி1, ஒன்ராறியோவுக்கு டிடி1ஓஎன். பலர் முதல் வரிசையில் அடிப்படைத் தொகை (2025இல் 16,129) மட்டும் எழுதிக் கையெழுத்து போட்டுவிடுவார்கள். நீங்கள் துணைவருக்கான வரிசையையும் நிரப்புங்கள். மனைவிக்கு வருமானம் இல்லை, உங்களோடு இருக்கிறார் என்றால் கனடாப் படிவத்தில் அங்கும் இன்னொரு 16,129. ஒன்ராறியோ படிவத்திலும் அதே போல் ஒரு தொகை உண்டு. மேலே நான் போட்ட 70 சொச்ச வரி தனி ஆள் கணக்கு. இதை நிரப்பினால் வாரத்துக்கு 50க்கு மேல் குறையும். கையில் 630க்கு மேல் வரும், சுப்பவைசரின் 600ஐத் தாண்டி.

மனைவி வேலைக்குப் போகும் அன்று புதுப் படிவம் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் ஏப்ரலில் பாக்கி வரும், அதைத்தான் "ரெண்டு பேர் வேலை செய்தால் வரி அள்ளுது" என்பார்கள்.

புதுவரவு_ஸ்காபரோ:
நன்றி. பெர்மிட்டின்ர அடியைப் பார்த்தன், அந்த வசனம் இல்லை. சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) 9இல தொடங்குது, பெர்மிட்டோட காலாவதியாகும் எண்டு போட்டிருக்கு. அதை என்ன செய்யிறது?

கௌரி_அஜாக்ஸ்:
பெர்மிட் புதுப்பிச்ச உடனை சின்னையும் சர்வீஸ் கனடாவில புதுப்பியும், புதுத் திகதியைப் பேரோலுக்குக் குடும். பே சிலிப் எல்லாத்தையும் ஃபோனில படம் எடுத்து வையும். வெட்டிப் போட்டு அரசாங்கத்துக்குக் கட்டாத ஆக்களும் இருக்கினம். அந்த வருஷச் சிபிபியைக் காப்பாத்திறதுக்கு அந்தப் படம்தான் இருக்கும். பெப்ரவரி கடைசிக்குள்ள டி4 வரோணும். 14ஆம் பெட்டியில சம்பளம், 16இல சிபிபி, 18இல ஈஐ, 22இல வரி. கடைசி சிலிப்பின்ர மொத்தத்தோட நாலையும் ஒப்பிட்டுப் பாரும்.