பைத்தான் நிறுவறதுக்கே ஒரு நாள் போகணுமா?

குடமுருட்டி:
தெருப் பிள்ளைங்க ஆறு பேருக்குப் பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியைச் சொல்லித் தரலாம்னு போன ஞாயிறு திண்ணையில உட்கார்ந்தேன். பொழுது சாய்ஞ்சது, ஒரு வரி ஓடல. தப்பு என் மேலதான். நிறுவுற ஜன்னலோட அடியில ‘பாத்’ல (புரோகிராம் எங்க இருக்குன்னு விண்டோஸ் தேடிப் பார்க்கிற பட்டியல்) சேர்க்கவான்னு ஒரு கட்டம் இருக்கும், தானா டிக் ஆகியிருக்காது. முன்கூட்டியே சொல்ல மறந்துட்டேன், அஞ்சு பேர் விட்டுட்டாங்க. இப்படி விட்டுட்டுக் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில பைத்தான்னு அடிச்சா, விண்டோஸ் 10 மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பக்கத்தைத் திறக்கும். “காசு கட்டணுமாண்ணே?”ன்னான் ஒருத்தன். புதுசா வர்றவனுக்கு இவ்வளவு சிக்கல் ஏன்?

வெண்ணாற்றங்கரை:
பாத் தெரியாம என்னங்க புரோகிராமிங்? நாங்க பழைய டாஸ் புரோகிராமை ஓட்டுற டாஸ்பாக்ஸ்ல ‘மவுண்ட்’னு கட்டளை அடிச்சுத்தான், சி மொழி எழுதுற டர்போ சி-யைத் திறந்தோம். கஷ்டப்பட்டதுதான் மனசுல நின்னுச்சு.

குடமுருட்டி:
உங்களுக்கு நின்னுச்சு, சரி. உங்க வகுப்புல பாதிப் பேர் அதோட ஓடிப்போனதைச் சொல்லலியே. நாத்தங்காலே போடாதவன்கிட்ட களை எடுக்கத் தெரியுமான்னு கேக்குறீங்க.

டிகிரி காப்பி:
எதுக்கு நிறுவணும்? பிரவுசர்லயே ஓட்டலாமே.

கடைமடைக்காரன்:
வேதாரண்யம் பக்கம் வந்து பாருங்க. இங்க நெட்டு மேட்டூர்த் தண்ணி மாதிரி. ஜூன் 12 திறந்தாச்சும்பாங்க, எங்க வாய்க்காலுக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பேசாம தோனி போடுங்க. (கிரிக்கெட் தோனி இல்ல, Thonny. பைத்தான் எழுதி ஓட்டுற செயலி, எஸ்டோனியாவுல டார்ட்டு பல்கலைக்கழகத்துல உருவானது.) பைத்தான் உள்ளேயே இருக்கு. எழுது, எஃப்5 அமுக்கு, முடிஞ்சுது. பென் டிரைவ்ல ஒரு தடவை இறக்கி வச்சா ஊருக்கே போதும்.

வெண்ணாற்றங்கரை:
அங்கதான் வம்பே. நாளைக்கு அவன் வெளியில தனியா இன்னொரு பைத்தான் போடுவான். கறுப்புத் திரையில, நூலகம் (மத்தவங்க எழுதி வச்ச தயார் கோடு) இறக்குற ‘பிப்’ கட்டளையை அடிச்சா அந்த நூலகம் வெளியில போட்ட பைத்தான்ல போய் உட்காரும், தோனிக்குள்ள தேடினா இருக்காது. அப்ப யார் வந்து சொல்லித் தருவா?

கடைமடைக்காரன்:
நியாயமான கேள்வி. தோனி மெனுவிலேயே நூலகம் சேர்க்க வழி இருக்கு, முதல் மாசம் அது போதும். பாத் பாடத்தை அப்புறம் நடத்துங்க, யாரு வேணாம்னா?

குடமுருட்டி:
ஆறாவது பையன்கிட்ட அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. பைத்தான் 3.9 அதுல ஏறாது, 3.8தான் கடைசி. அதுக்கு என்ன பண்ண?

வெண்ணாற்றங்கரை:
3.8 வச்ச 32 பிட் தோனி ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க. என் கருத்து மாறலீங்க. சனிக்கிழமை கும்பகோணம் வர்றேன், அந்த லேப்டாப்பைக் கொண்டாரச் சொல்லுங்க, பார்ப்போம்.