30 வயதில் எவ்வளவு, 50 வயதில் எவ்வளவு? நம்ம பக்கம் முதுமைக்குச் சேர்த்தது எந்தத் தலைமுறை?

பாலக்கோடு வாத்தியார்:
என் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு அட்டவணை போட்டான். அமெரிக்காவில் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் சொல்லும் அளவுகோல் அது. 30 வயதில் ஓர் ஆண்டுச் சம்பளம் கையில் சேர்ந்திருக்க வேண்டும், 40-இல் மூன்று மடங்கு, 50-இல் ஆறு, 60-இல் எட்டு. எங்கள் சொந்தத்தில் முப்பதைத் தாண்டிய பிள்ளைகளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒருவர்கூட அதற்குக் கிட்டத்தில் இல்லை. எல்லாருக்கும் பைக் தவணை, போன் தவணை, கல்யாணக் கடன்.

நான் 1984-இல் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை. அப்போதும் ஜிபிஎஃப் என்ற அரசு ஊழியர் வைப்பு நிதிப் பிடித்தம் போக அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதாந்திரத் தொடர் வைப்பு) கட்டினேன். வருமானம் குறைவாக இருந்த காலத்தில் நாங்கள் சேர்த்தோம். வருமானம் கூடிய காலத்தில் இவர்கள் சேர்க்கவில்லை என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 25 வயதில் தொடங்கி மாதம் 5,000 ரூபாய், 8 விழுக்காடு வட்டியில் 60 வயது வரை போட்டால் சுமார் 1 கோடியே 15 லட்சம் ஆகும். அதே 5,000-ஐ 40 வயதில் தொடங்கினால் 29 லட்சத்துச் சொச்சம்தான். அந்த 1.15 கோடியை எட்ட 40 வயதுக்காரர் மாதம் 19,500 போட வேண்டும். இழந்த பதினைந்து ஆண்டுகளுக்கு இவ்வளவு விலை. இதை இளைஞர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஓசூர் பி ஷிப்ட்:
வணக்கம் ஐயா. எனக்கு 27 வயசு, கான்ட்ராக்ட் வேலை. நீங்க போட்ட கணக்கு சரி, ஆனா பாதியில நிக்குது. விலைவாசி வருஷம் 5 விழுக்காடு ஏறுனா 35 வருஷம் கழிச்சு அந்த 1.15 கோடியோட மதிப்பு இன்னைய காசுக்கு 21 லட்சம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

இன்னொண்ணு. நீங்க ஆர்.டி. கட்டுனீங்க, மறுக்கல. ஆனா உங்க முதுமையைத் தாங்குறது அந்த ஆர்.டி. இல்ல. கடைசிச் சம்பளத்துல பாதி, அதுக்கு மேல அகவிலைப்படி, உங்களுக்கப்புறம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். ஒருத்தருக்கு மாசம் 40,000 பென்ஷன் வருதுன்னு வைங்க. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தோட 8.2 விழுக்காட்டுல அந்த 40,000-ஐ வட்டியா வாங்கணும்னா 58 லட்சத்துக்கு மேல முதல் வேணும். ஆனா அதுல ஒருத்தர் போடக்கூடிய உச்சமே 30 லட்சம். அகவிலைப்படியும் கிடையாது. அந்த 58 லட்சத்தை நீங்க சேர்க்கல, அரசாங்கம் உங்க பேர்ல சேர்த்து வெச்சிருக்கு. தமிழ்நாட்டுல 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் அரசு வேலைக்கு வந்தவங்களையே பழைய பென்ஷன்ல சேர்க்காம, சம்பளத்துலேருந்து அவங்களே ஒரு பங்கு கட்டற பங்களிப்புத் திட்டத்துல போட்டாங்க. எங்களை மாதிரி ஆளுங்க கதையைச் சொல்லவே வேணாம்.

தவணையில பைக் வாங்குனேன், ஆமா. அது இல்லாம ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு எப்படிப் போறது?

பெங்களூர் போய்வர்றவன்:
தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. 1986-லிருந்து 2000 ஜனவரி வரைக்கும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டி 12 விழுக்காடு. தொண்ணூறுகள்ல தொழிலாளர் வைப்பு நிதியான பிஎஃப்-க்கும் அதே 12. ஆறு வருஷத்துல பணம் இரட்டிப்பு. 2020 ஏப்ரலிலிருந்து பிபிஎஃப் 7.1, இரட்டிப்பாக பத்து வருஷம். அப்பாக்களுக்குக் கிடைச்ச வட்டி எங்களுக்குக் கிடைக்கல.

பாலக்கோடு வாத்தியார்:
வட்டியைச் சொன்னவர் விலைவாசியையும் சொல்ல வேண்டும். 1991-இலும் 1998-இலும் விலைவாசி 13 விழுக்காடு அளவுக்கு ஏறியது. 12 வாங்கி 13 கொடுத்தோம். பிஎஃப் வட்டி இப்போது 8.25, விலைவாசி அதைவிடக் கீழே நிற்கிறது. மிச்சத்தைப் பார்த்தால் அந்த ஆண்டுகளைவிட உங்களுக்கே கூடுதல்.

ஓசூர் தம்பி சொன்ன ஓய்வூதியக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஓய்வூதியம் வரும் என்று தெரிந்தும் நான் சேர்த்தேன். வராது என்று தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாக அல்லவா சேர்க்க வேண்டும்?

காவேரிப்பட்டணம் தோப்பு:
ரெண்டு பேரும் சம்பளக்காரங்க கணக்கையே பேசிட்டு இருக்கீங்க. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு 'ஆண்டுச் சம்பளம்'னு ஒண்ணு கிடையாதுங்க. எங்கப்பா காலத்துல பேங்குல ஒரு ரூபா கிடையாது. நிலம் இருந்தது, மூணு மகனுங்க இருந்தோம். அதுதான் அவரோட பென்ஷன். கடைசி வரைக்கும் சோறு போட்டோம். நிலம் மூணாப் பிரிஞ்சுது.

என் பங்குல மாந்தோப்பு. நல்ல வருஷத்துல வர்றதை எடுத்து வெச்சா மறு வருஷம் போர்வெல் கேட்குது. ஆயிரம் அடி இறக்கியும் காத்துதான் வந்தது. 2025 சீசன்ல பெங்களூரா மாங்காய் கிலோ அஞ்சு ரூபாயை ஒட்டி விழுந்தது, பறிக்கிற கூலிக்கே கட்டல. நான் எந்த வயசுல எத்தனை மடங்கு வெச்சிருக்கணும், சொல்லுங்க?

விவசாயிக்குன்னு 2019-ல மத்திய அரசு ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்தாங்க. மாசம் 55-லிருந்து 200 வரைக்கும் நாம கட்டணும், அரசும் அதே அளவு போடும், 60-க்கு மேல மாசம் 3,000. ஆனா 40 வயசுக்குள்ள இருக்கணும். அப்ப எனக்கு 40 தாண்டிடுச்சு. எங்க வயசுக்காரங்க இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. அப்பாவுக்கு மகனுங்க இருந்தோம். எங்க பசங்க பெங்களூர்ல வாடகை கட்டவே தடுமாறுறாங்க, அவங்ககிட்ட எப்படிக் கேட்கறது? மிச்சம் இருக்கறது தாலுகா ஆபீஸ்ல மனு கொடுத்தா வர்ற முதியோர் உதவித்தொகை. 2023-ல ஆயிரத்துலிருந்து 1,200 ஆச்சு. அதுவும் நிலம் இருக்குன்னு சொல்லித் தள்ளுபடி பண்ணிடுவாங்களோன்னு பயம்.

கிருஷ்ணகிரி கணக்கர்:
ஒரு தொழிற்சாலையில் பிஎஃப் கணக்கு வேலைதான் என் பிழைப்பு. பலருடைய பாஸ்புக்கைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், 'பழைய தலைமுறை' என்று ஒன்று இல்லை. எண்பதுகளில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தவர்களுக்கு அப்போது பிஎஃப் உண்டு, மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. இருந்தது 1971-இன் குடும்ப ஓய்வூதியம் மட்டும், அதுவும் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு. இபிஎஸ் என்ற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் வந்தது 1995 நவம்பர் 16. அவர்களில் பலர் இன்று வாங்குவது இரண்டாயிரம், மூவாயிரம். குறைந்தபட்சம் ஆயிரம் என்று 2014-இல் வைத்தார்கள், அதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பிஎஃப் மொத்தத் தொகை வீட்டுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விட்டது. வாத்தியார் ஐயாவை அவர்களுக்கும் சேர்த்துப் பேச விடக் கூடாது.

இரண்டாவது, இளைஞர்களின் பணம் போனிலும் பைக்கிலும் போவதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப் முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 1,800. நிறுவனத்தின் பங்கான 1,800-இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும், 550 பிஎஃப்புக்கும் போகும். ஆக பிஎஃப்பில் மாதம் 2,350. இரண்டு ஆண்டில் வட்டியோடு சுமார் 60,000. 24 வயதில் அதை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றினால், 8 விழுக்காட்டில் 58 வயதில் அது மட்டுமே 8 லட்சத்துக்கு மேல் நிற்கும்.

பணத்தைவிட எனக்கு வலிப்பது சேவைக்காலம். 10சி படிவத்தில் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்தால் அந்த ஆண்டுகள் அழிந்துவிடும். மாத ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை, கூட்டினால் பத்து இருந்தால் போதும். பதினைந்து ஆண்டு உழைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்ததால் கணக்கில் நான்கு ஆண்டு மட்டும் இருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு 58-இல் மாத ஓய்வூதியம் கிடையாது.

ஓசூர் பி ஷிப்ட்:
சார், அந்தப் பணத்தை எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அக்காவுக்குப் பிரசவத்துல சிக்கல், சேலத்துல தனியார் ஆஸ்பத்திரி. கையில வேற எதுவும் இல்ல. அந்த அறுபதாயிரத்தை எடுக்காம விட்டிருந்தா நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கியிருப்பேன், வருஷத்துக்கு 36 விழுக்காடு. 8 விழுக்காட்டுப் பணத்தை வெச்சுக்கிட்டு 36 விழுக்காட்டுக் கடன் வாங்கறதா சேமிப்பு? அந்த 8 லட்சமும் இன்னைய மதிப்புல ஒண்ணரை லட்சம்தான். திரும்ப அப்படி ஒரு நிலை வந்தாலும் எடுப்பேன்.

நாங்களா விரும்பிக் கம்பெனி மாறல. ஒப்பந்தக்காரர் மாறுறார். அதே கேட், அதே மெஷின், புது ஒப்பந்தக்காரர், புது பிஎஃப் நம்பர். பழைய நம்பர்ல இருக்கறதைக் கேட்டா ஆள் கிடைக்கறதில்ல. வயசை வெச்சு எங்களை அளக்கறீங்களே, 27 வயசுல என் சர்வீஸை எத்தனை பேர் துண்டு துண்டா வெட்டினாங்கன்னு அளக்க ஒரு அட்டவணை இருக்கா?

ஊத்தங்கரை குழுத்தலைவி:
இவ்வளவு நேரம் பேசினதுல ஒரு பொம்பளை பேர்ல இருக்கற கணக்கு ஒண்ணுகூட வரலையே. வாத்தியார் ஐயா, நீங்க ஆர்.டி. கட்டினப்போ வீட்டுச் செலவை இழுத்துப் பிடிச்சது யாரு? அது யார் பேர்ல சேர்ந்தது?

மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டுல முதல்ல ஆரம்பிச்சதே அப்போ ஒண்ணா இருந்த தர்மபுரி மாவட்டத்துலதான், 1989-ல, ஐஃபாட்ங்கற ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதி அமைப்போட கடன் உதவியில. எங்க மாமியார் அந்த நாள்லேயே வாரம் அஞ்சு ரூபா, பத்து ரூபான்னு கட்டினவங்க. அவங்க பேர்ல எழுதின முதல் பாஸ்புக் அது. ஆனா குழுப் பணம் எதுக்குப் போச்சு? மகன் படிப்பு, மாடு, போர்வெல். முதுமைக்குன்னு ஒரு ரூபா நிக்கல. நகையும் அப்படித்தான். 2000-ல பவுன் நாலாயிரத்துக்கும் கீழ, அப்போ வாங்கினது இன்னைக்குப் பெரிய சொத்து. ஆனா வீட்டுல எது வந்தாலும் முதல்ல அடகுக்குப் போறது பொம்பளை கழுத்துல இருக்கறது. மீட்டவங்க எத்தனை பேரு?

எங்க குழுவுல இப்ப 40 வயசுக்குள்ள இருக்கற எல்லாரையும் மத்திய அரசோட அடல் பென்ஷன் திட்டத்துல சேர்க்கறேன். 18 வயசுல சேர்ந்தா மாசம் 210 ரூபா, 40-ல சேர்ந்தா 1,454. ரெண்டுக்கும் 60-க்கு மேல மாசம் 5,000. புருஷன் சம்மதம் வேணாம், அவங்க பேங்க் கணக்குலேயே பிடிச்சுக்கும். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வர்றவங்களுக்கு அதுலேருந்தே கட்டலாம், ஆயிரத்துக்கு மேல வர்ற வயசுக்காரங்க மீதியை மட்டும் கையிலேருந்து போட்டா போதும்.

பெங்களூர் போய்வர்றவன்:
அக்கா, இன்னைக்கு 18 வயசுப் பொண்ணுக்கு 42 வருஷம் கழிச்சு வர்ற 5,000-ன் மதிப்பு, 5 விழுக்காடு விலைவாசியில, இன்னைய 650 ரூபாதான். அதையும் சொல்லித்தான் சேர்க்கணும்.

ஊத்தங்கரை குழுத்தலைவி:
சொல்றேன் தம்பி. அந்த 650-ம் இல்லாம மகன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கற கிழவிகளையும் காட்டறேன். மருந்துக் கடைக்குப் போக அவங்க யாரையும் கேட்கக் கூடாது. அதுக்கு மேல சேர்க்க வழி இருந்தா நீங்க சொல்லிக் கொடுங்க, நான் சேர்க்கறேன்.

பாலக்கோடு வாத்தியார்:
அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: ஆர்.டி. என் பேரில், வாரிசாக அவர். அவர் பேரிலேயே தொடங்கியிருக்கலாம் என்பது நியாயம். ஆனால் இந்தத் திரியில் ஒவ்வொருவரும் 'ஏன் சேர்க்க முடியவில்லை' என்றே எழுதுகிறீர்கள். ஒப்பந்தக்காரர், மாங்காய் விலை, விலைவாசி எல்லாம் உண்மை. அப்படியிருந்தும் 60 வயது வந்தே தீரும். அந்த வயதில் காரணங்களை வைத்து அரிசி வாங்க முடியாது.

கிருஷ்ணகிரி கணக்கர்:
ஐயா, அந்த அமெரிக்க அட்டவணையிலேயே ஒரு விஷயம் உள்ளே இருக்கிறது. அங்கே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒரு பகுதியைக் கொடுத்துவிடும், மீதிக்குத்தான் அந்த எட்டு மடங்கு. இங்கே இபிஎஸ்ஸில் சம்பளம் 60,000 ஆனாலும் பொதுவாகக் கணக்கு 15,000-க்குத்தான். 35 ஆண்டு உழைத்தாலும் 15,000-ஐ 35-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 7,500. அந்த 15,000 உச்சவரம்பு 2014-இல் வைத்தது. அதை உயர்த்தச் சொல்லாமல் பிள்ளைகளைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

பி ஷிப்ட் தம்பி, அக்காவுக்காக எடுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவச் செலவுக்கு வேலையை விடாமலே முன்பணம் எடுக்கலாம், சேவைக்காலம் அழியாது. 10சி-யில் பணமாக வாங்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கினால் பழைய ஆண்டுகள் நிற்கும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் யுஏஎன் என்ற உங்கள் நிரந்தர பிஎஃப் அடையாள எண் ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இணைத்துவிடலாம். ஒப்பந்தக்காரர் பணம் கட்டாமல் விட்டால் கேட்டுக்குள் உங்களை வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தது பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

ஓசூர் பி ஷிப்ட்:
முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்புங்கறது எங்க லைன்ல ஒருத்தருக்கும் தெரியாது சார். என்கிட்ட ரெண்டு யுஏஎன் இருக்கு. ஒண்ணுல ரெண்டு வருஷம் சர்வீஸ் காட்டுது, அந்த ஓய்வூதியப் பணம் எடுக்கல. அதை இப்போ இருக்கற நம்பரோட சேர்க்கணும்னா பழைய ஒப்பந்தக்காரர் கையெழுத்து வேணுமா?

கிருஷ்ணகிரி கணக்கர்:
ஆதார், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இரண்டிலும் சரியாக இருந்தால் ஆன்லைனிலேயே மாற்றக் கேட்கலாம். விலகிய தேதி பதியாமல் இருந்தால் அங்கேதான் நிற்கும். முதலில் அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் தோப்பு:
தம்பிக்கு வழி கிடைச்சது நல்லதுங்க. 40-ஐத் தாண்டின விவசாயிக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எழுதுங்க. நான் கேட்டது அப்படியே நிக்குது.