ஸ்பானிஷ் வினாத்தாள்: சரியான விடைக்கும் தப்பு விழுகிறது, கோளாறு எங்கே?

பாடவேளை:
பெரியவர்களுக்கு இணையத்தில் ஆரம்ப நிலை ஸ்பானிஷ் எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் கோடிட்ட இடத்தை நிரப்பும் சின்ன வினாத்தாள் ஒன்றை இலவசத் தளத்தில் போட்டு வைப்பேன், அதுவே திருத்திவிடும். இதுவரை ஒழுங்காகத்தான் ஓடியது. புதுப் பாடத்தில் மட்டும் ஒரு வேடிக்கை: தலையில் அலைக்குறி வைத்த 'எனியே' எழுத்தோ, மேல்கோடு போட்ட உயிரெழுத்தோ வரும் விடை எல்லாவற்றுக்கும் தப்பு விழுகிறது. மாணவர் அடித்ததையும் என் விடைப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் 'சரி' என்கிறது, அதையே கையால் அடித்தால் 'தவறு' என்கிறது. குறி இல்லாத சொற்களுக்குத் தொல்லையே இல்லை. உலாவியை மாற்றியாயிற்று, கேஷ் அழித்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை.

கூடவே இன்னும் இரண்டு சந்தேகம். குறியை விட்டுவிட்டு அடிப்பவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கலாமா? பல நாட்டு உச்சரிப்பிலும் பேசும் ஒலி, காணொளி எல்லாம் என் பயிற்சிக்குள் சேர்த்துக்கொள்ளும் அனுமதியோடு எங்கே கிடைக்கும்?

திண்ணை:
விசைப்பலகை மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தீர்களா? ஆங்கில விசைப்பலகையில் வேறு ஏதாவது குறி விழுந்திருக்கலாம்.

பாடவேளை:
பார்த்தேன். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்து எடுத்தாலும், கணினியில் ஸ்பானிஷ் விசைப்பலகையில் அடித்தாலும் அதே தப்புதான்.

எழுத்துக்கூட்டி:
அந்த விடைப்பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிடிஎஃப் கோப்பிலிருந்தா?

பாடவேளை:
ஆமாம், ஒரு பயிற்சித் தாளின் பிடிஎஃப்பிலிருந்து அப்படியே விரிதாளுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தளத்தில் ஏற்றினேன்.

எழுத்துக்கூட்டி:
அப்படியானால் கோளாறு அங்கேதான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் எனியேயை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே எழுத்தாக, அல்லது வெறும் 'என்' எழுத்தும் அதன்மேல் ஏறி உட்காரும் அலைக்குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சரம். தமிழிலும் இதே கூத்து உண்டு, 'கொ'வை ஒரே உயிர்க்குறி போட்டும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் 'இல்லை' என்று வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது இப்படிப் பிரிந்த எழுத்துகள் வருவது சாதாரணம். விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்த எழுத்துதான் விழும். நல்ல தளமாக இருந்தால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், உங்கள் தளம் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது.

சோதிக்க எளிய வழி: விரிதாளில் 'நின்யோ' (சிறுவன்) இருக்கும் கட்டத்துக்கு, எழுத்துகளை எண்ணிச் சொல்லும் லென் சூத்திரம் போடுங்கள். அந்தச் சொல்லில் ஸ்பானிஷ் எழுத்து நான்குதான், விடை 5 என்று வந்தால் பிரிந்த எழுத்து. 'மன்யானா'வுக்கு 6 வர வேண்டும், 7 வந்தால் அதே கதை.

திருத்தவும் விரிதாளே போதும். தனி அலைக்குறியின் எண் 771, மேல்கோட்டின் எண் 769. சப்ஸ்டிடியூட் சூத்திரத்தில், தேட வேண்டியது என்ற இடத்தில் 'என்' எழுத்தையும் யூனிகார் 771ஐயும் (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய எழுத்தைத் தரும் சூத்திரம்) சேர்த்துக் கொடுங்கள், மாற்று என்ற இடத்தில் விசைப்பலகையில் அடித்த எனியேயைக் கொடுங்கள். உயிரெழுத்து ஐந்துக்கும் 769 வைத்து இதையே செய்யுங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரே வரி, என்எஃப்சி வடிவம், அதாவது சேர்ந்த எழுத்து வடிவம், என்று சொன்னால் முடிந்தது.

இரவுப்பள்ளி:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எல்லாச் சொல்லுக்கும் ஒரே சட்டம் வைக்காதீர்கள். 'ஆப்லோ' என்று சும்மா எழுதினால் நான் பேசுகிறேன், கடைசி எழுத்தின் மேல் கோடு போட்டால் அவர் பேசினார். ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. இறந்தகாலப் பாடத்தில் கோட்டை விட்டவருக்கு முழு மதிப்பெண் போட்டால் அந்தப் பாடத்தையே நடத்த வேண்டியதில்லை. பழங்கள், நாற்காலி, மேசை என்று சொல்வளம் பார்க்கும் வினாத்தாளில் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம், ஆனால் பின்னூட்டத்தில் சரியான எழுத்தைக் காட்டிவிட வேண்டும்.

தளம் இப்படிப் படுத்துகிறது என்றால் இணையப் பயிற்சிகள் செய்ய உதவும் எச்5பி என்ற மென்பொருளுக்கு மாறிவிடுங்கள், திறமூலம்தான். லூமி என்ற இலவசச் செயலியை இறக்கினால் சொந்தக் கணினியிலேயே பயிற்சி செய்து ஹெச்டிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். விடையை இரு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும், மாற்று விடை இருந்தால் சாய்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்றே ஒன்று கவனம்: 'சிறு எழுத்துப்பிழைகளை ஏற்கவும்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் 3 முதல் 9 எழுத்துள்ள சொற்களில் ஒரு பிழையை விட்டுவிடும், அதாவது மேலே சொன்ன 'ஆப்லோ' இரண்டும் அதற்கு ஒன்றுதான். வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் வினைத்திரிபுப் பயிற்சியில் அதைத் தொடவே கூடாது.

திண்ணை:
நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். முதல் சில பாடங்களில் கோட்டுக்காக மதிப்பெண் வெட்டினால் ஆட்கள் மொழியை விட்டுவிட்டு விசைப்பலகையோடு மல்லுக்கு நிற்கிறார்கள். முதலில் அடிக்கப் பழகட்டுமே.

இரவுப்பள்ளி:
அதற்கு முதல் பாடத்திலேயே கொஞ்ச நேரம் ஒதுக்கி அடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம். விண்டோஸில் யுஎஸ் இன்டர்நேஷனல் விசைப்பலகையைச் சேர்த்தால் ஒற்றை மேற்கோளை அடித்துவிட்டு உயிரெழுத்தை அடிக்க வேண்டியதுதான், மேல்கோடு வந்துவிடும். அலைக்குறிக்குப் பின் 'என்' அடித்தால் எனியே.

ஒலிப்பேழை:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பானிஷ் ப்ரொஃபிஷியன்சி எக்சர்சைசஸ்' பாருங்கள். ஒரே வேலையை, உதாரணமாகக் குடும்பத்தை அறிமுகப்படுத்துவதை, வெவ்வேறு நாட்டுக்காரர்கள் தங்கள் பாணியில் பேசும் குறும் காணொளிகள், எழுத்து வடிவத்தோடு. பாடப்புத்தக ஒலிநாடாவில் வரும் அந்த நிதானக் குரல் இல்லை, யோசித்துத் திக்கித் திரும்பச் சொல்கிறார்கள், அதுதான் வேண்டும். தனிச் சொல் உச்சரிப்புக்கு விக்கிமீடியாவின் லிங்குவா லிப்ரே பதிவுகள், நீண்ட வாசிப்புக்கு லிப்ரிவாக்ஸ் ஒலிநூல்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு டாட்டோயேபா. கடைசியில் சொன்னதில் ஒலிப்பதிவுகளின் உரிமம் பதிவு செய்தவரைப் பொறுத்து மாறும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இலவசமாகத் திறக்கிறது என்பதற்காக எடுத்து ஒட்டிவிட முடியாது. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் செர்வாந்தஸ் நிறுவனத்தின் இணைய மையத்தில் அருமையான வாசிப்புப் பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் அதற்குச் சுட்டி மட்டும் கொடுத்து அனுப்புவதே நல்லது. படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (மாற்றம் கூடாது) என்று இருந்தால் வெட்டி ஒட்டி மாற்றியதைப் பகிரக் கூடாது. காணொளிக்கு நடுவே கேள்வி நுழைப்பதும் அதில் மாட்டலாம்.

இன்னொன்று, பல நாட்டுப் பொருளைக் கலக்கும்போது விடைப்பட்டியல் உதைக்கும். 'நீங்கள்' என்று பலரை அழைக்க ஸ்பெயினில் பேச்சுவழக்கில் 'வொசோத்ரோஸ்', லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேதேஸ்', வினைமுடிவும் மாறும். எது உங்கள் வகுப்பின் வழக்கம் என்று வினாத்தாள் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், அல்லது இரண்டையும் சரி என்று ஏற்றிவிடுங்கள். எழுத்தை வாசித்துக்காட்டும் குரலுக்கும் இது பொருந்தும்: ஸ்பெயின் குரல் 'கிராத்தியாஸ்' என்கும், மெக்சிகோ குரல் 'கிராசியாஸ்' என்கும். சந்தேகமான வினைச்சொல்லுக்கு ஸ்பானிஷ் அகாதமியின் இணைய அகராதியில் முழுத் திரிபு அட்டவணையே இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

பாடவேளை:
லென் போட்டுப் பார்த்தேன், நின்யோவுக்கு 5! சூத்திரத்தை ஓட்டிப் புதுப் பட்டியலை ஏற்றியதும் கையால் அடித்த விடையெல்லாம் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றிங்க. எச்5பியையும் அடுத்த பாடத்துக்கு முயல்கிறேன், வினைத்திரிபுக்குக் கறார், சொல்வளத்துக்குத் தளர்வு என்று பிரித்துவிடுகிறேன். ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது: 'பிங்குயினோ', பென்குவின்.

எழுத்துக்கூட்டி:
அதில் 'யு' தலையில் இரட்டைப் புள்ளி இருக்கிறதே, அது மேல்கோடு இல்லை. அதன் எண் 776, அதே சூத்திரத்தில் இன்னொரு அடுக்கு சேர்த்துவிடுங்கள். 'வெர்குவென்சா' (வெட்கம்) பட்டியலில் இருந்தால் அதுவும் இதோடு சரியாகும்.