விண்டோஸ் 11 போடப் போய் இருந்த விண்டோஸ் 10-உம் திறக்கவில்லை, உதவுங்கள்

குளச்சல் கேமர்:
அண்ணன்மாரே, அவசரம். 2018-ல் நாகர்கோவிலில் அசெம்பிள் செய்த சிஸ்டம். ஐ5 8400 ப்ராசஸர், பி360 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்ததே, 11-க்கு மாறலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லை என்றது. ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில், டிபிஎம் வேலையைச் செய்கிற பிடிடி-யை ஆன் செய்து, பழைய முறையில் பூட் ஆக உதவுகிற சிஎஸ்எம்-ஐ ஆஃப் செய்தேன். அதோடு சரி. கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி நிற்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று, காலையில் ஆன் செய்தால் தேதி 2018 ஜனவரி என்று காட்டும், நெட் வந்ததும் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள், முதலில் திறந்தால் போதும்.

தக்கலை அண்ணன்:
எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்கிற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. அது பூட் ஆக சிஎஸ்எம் வேண்டும், அதைத்தான் அடைத்துவிட்டீர்கள். திரும்ப ஆன் செய்யுங்கள், விண்டோஸ் திறக்கும். திறந்ததும் ப்ராஜெக்டை பென் டிரைவில் எடுத்துவையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, டிஸ்கை எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் வேலிடேட் என்று ஓட்டுங்கள். தப்பு ஒன்றும் சொல்லாவிட்டால் கன்வர்ட். பூட் டிஸ்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. டேட்டா அழியாது. ஆனால் மழைக்கோள் இருக்கும்போது இதில் இறங்காதீர்கள், நம்ம ஊரில் ஒரு இடி இடித்தால் கரண்ட் போய்விடும். முடிந்ததும் பயாஸில் சிஎஸ்எம் ஆஃப், நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆகவிடுகிற செக்யூர் பூட் ஆன்.

கருங்கல்காரன்:
எதற்கு இந்தப் பாடு? ரூஃபஸ் என்கிற சாஃப்ட்வேரில் விண்டோஸ் 11 போடும் பென் டிரைவ் தயார் செய்தால் டிபிஎம்மே கேட்காதே.

தக்கலை அண்ணன்:
ஏழாம் தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர் அப்படிச் செய்யட்டும். இவருடையது எட்டு, மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே இருக்கிறது. நேர்வழி இருக்கும்போது ஏன் மதில் ஏறிக் குதிக்க வேண்டும்? அதோடு தம்பி வேலரன்ட் ஆடுகிற ஆள் என்றால், 11-ல் அந்த கேமே டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும்.

குளச்சல் கேமர்:
அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், 11 ஏறிவிட்டது! ராத்திரி பன்னிரண்டு வரை வேலரன்ட்தான்.

குளச்சல் கேமர்:
மறுபடியும் நான்தான். காலையில் பின் நம்பர் போட்டால் எடுக்கவில்லை, பாஸ்வேர்டு போட்டு நுழைந்தேன். வேலரன்ட் திறக்கவில்லை. பயாஸில் பார்த்தால் பிடிடி ஆஃப், செக்யூர் பூட் ஆஃப். நான் தொடவே இல்லை, சத்தியமாக.

மார்த்தாண்டம் சர்வீஸ்:
ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைப்பீர்களா?

குளச்சல் கேமர்:
ஆமாம், இடி மின்னலுக்குப் பயந்து அம்மா பிடுங்கிவிடுவார். எப்படித் தெரியும்?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
நீங்கள்தானே முதலிலேயே சொன்னீர்கள், தேதி 2018 என்று. போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டது. பிளக் இருக்கிற வரை போர்டுக்கு மின்சாரம் உண்டு, பிடுங்கினால் கடிகாரமும் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய்விடும். பிடிடி ஆஃப் ஆனால் பின் நம்பரும் வேலை செய்யாது. வாட்ச் கடையில் கேளுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். பழையதைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்துள்ள பக்கம்தான் மேலே. மாட்டியதும் தேதி, பிடிடி, சிஎஸ்எம், செக்யூர் பூட் நான்கையும் ஒருதரம் சரி பார்க்க வேண்டும்.

குளச்சல் கேமர்:
கழற்றினேன். பேட்டரிக்கு அடியில் அந்தச் சின்னத் தகட்டில் பச்சையாகக் களிம்பு, கேபினட் ஸ்க்ரூ எல்லாம் துரு. கடற்கரை வீடு, வேறென்ன. பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மூன்று நாளாக அம்மா பிளக்கைப் பிடுங்குகிறார், தேதி அசையவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். டி டிரைவ் ஹார்ட் டிஸ்க் தனி, அதுவும் எம்பிஆர். மாற்ற வேண்டுமா?

தக்கலை அண்ணன்:
வேண்டாம், பூட் ஆகிற டிஸ்க் மட்டும் போதும். அந்த ப்ராஜெக்டை பென் டிரைவில் எடுத்தீர்களா இல்லையா?

குளச்சல் கேமர்:
இதோ எடுக்கிறேன் அண்ணே.